ஏழு மணிக்குக் கடைசிக் கப்பல்

ருக்னெத்தின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனவர்கள் யாரும் நடந்து திரும்பியதில்லை. எல்லோரும் ஓடித்தான் திரும்பினார்கள்.

அவர் வீடு மேட்டில், பைன் மரங்களுக்கு நடுவில். அங்கிருந்து படகுத்துறை வரைக்கும் ஒரே சரிவு. கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலமானால் துறையோரக் காப்பிக்கடை ஷபான் எங்கள் நாற்காலிகளையெல்லாம் கடல் பக்கமிருந்து சரிவுப் பக்கம் திருப்பிப் போட்டுவிடுவான். கடலை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். ருக்னெத்தினின் சொந்தக்காரர்கள் ஓடி வருவதை வாரத்தில் ஒரு நாள்தான் பார்க்க முடியும். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு மாமி, அவளுக்குப் பின்னால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு புருஷன், அவனுக்குப் பின்னால் தேநீர்க் கிளாஸைக் கீழே வைக்க மறந்து கையோடு கொண்டுவந்துவிட்ட மச்சான். ஒரு தடவை தர்பூசணி ஒன்று இவர்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு உருண்டு வந்து கடலில் விழுந்தது. அவர்கள் ஆசையாக வாங்கி வந்த பழம். வெட்டினால் உட்கார்ந்து தின்பார்களே என்று ருக்னெத்தின் அதையும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்.

விஷயம் இதுதான். கோடையில் எங்கள் தீவிலிருந்து இஸ்தான்புல்லுக்குக் கடைசிக் கப்பல் ராத்திரி பத்தரைக்கு. இது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ருக்னெத்தின் வீட்டில் மட்டும் கடைசிக் கப்பல் ஏழு மணிக்கு. கைப்பேசி வராத காலம். துறையில் நேரப் பலகை மாட்டித்தான் இருந்தது. ஆனால் மூச்சிரைக்க ஓடி வருகிறவன் கப்பலில் ஏறுவானா, நின்று பலகை படிப்பானா?

மனுஷன் இதைச் செய்கிற அழகே தனி. முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அது இருபது நிமிஷம் முந்தி ஓடும், அவரே வைத்தது. பிறகு வீட்டில் எழவு விழுந்த மாதிரி ஒரு பெருமூச்சு. "அடடா, நேரம் போனதே தெரியல. ஏழு மணிக்குக் கடைசிக் கப்பல். ஒரு ராத்திரி தங்கிட்டுப் போங்கன்னு சொல்லத்தான் எனக்கு ஆசை. என்ன பண்றது, மெத்தையெல்லாம் ஈரம். தீவுக் காத்து." மெத்தையாவது ஈரமாவது. அந்த வீட்டில் அவருக்கும் மகளுக்கும் போக மெத்தையே கிடையாது. மனைவி இறந்த பிறகு மிச்சமிருந்த அத்தனையையும் பக்கத்து வீட்டு எவ்தோகியாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். எவ்தோகியா கிரேக்கக்காரி, விதவை, நாக்கில் எலும்பு கிடையாது. "இதைப் பார்த்து நான் அவரைத் தர்மப்பிரபுன்னு நினைச்சுட்டேன்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

நியாயமாகவும் பேச வேண்டும். தீவில் வீடு வைத்திருப்பது சத்திரம் வைத்திருப்பது மாதிரிதான். குளிர்காலம் முழுக்க நாங்கள் இருக்கிறோமா செத்தோமா என்று ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஜூன் மாசம் பிறந்தால் ரத்த பாசம் பொங்கும். பை பையாக மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். "ஒரு கார் இல்ல, ஒரு பஸ் இல்ல, ஆஹா, என்ன அமைதி" என்று தீவின் அந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரி கத்துவார்கள். பிள்ளைகள் குதிரை வண்டிக்கு அழும். நாங்களும் பொருமுவோம், திட்டுவோம், ஆனால் மீனைப் பொரித்துப் போட்டுப் பாயை விரித்துக் கொடுப்போம். மருந்து கண்டுபிடித்தவர் ருக்னெத்தின் ஒருவர்தான்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தீவு அமைதிச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி அதற்குத் தலைவராகவும் இருந்தார். வேறு உறுப்பினர் இல்லாததால் சங்கமும் அமைதியாகவே நடந்தது. சைக்கிள் மணிக்கு எதிராக ஒரு மனு, எவ்தோகியாவின் சேவலுக்கு எதிராக ஒரு மனு, வண்டிக் குதிரைகளுக்கு ரப்பர் லாடம் அடிக்கச் சொல்லி ஒரு மனு. குதிரைக்காரர்கள் அதற்கப்புறம் அவர் வீட்டு வாசலில் வரும்போது வேண்டுமென்றே பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள்.

இந்த அமைதிக்கு யார் சமைத்தது, யார் துவைத்தது என்று கேட்டால், பெர்ரின். ஒரே மகள். அம்மா போனபோது பதினைந்து வயது. நாற்பதாம் நாள் துவா முடிந்த சாயங்காலம், அம்மாவின் தங்கை பெய்ஹான் சித்தி அந்தப் பெண்ணை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ருக்னெத்தின் கடிகாரத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "ஏழு மணிக்குக் கடைசிக் கப்பல், பெய்ஹான்." சித்தி முகத்தைக்கூடக் கழுவாமல் எழுந்து சரிவில் ஓடினாள். துறையில் கப்பல் வரக் கொஞ்சம் தாமதமானது. அந்த இடைவெளியில் பலகையைப் படித்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் இந்தத் தீவில் கால் வைக்கவில்லை. பெர்ரினுக்கு அன்றைக்கே கப்பல் நேரம் தெரியும். அப்பாவுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. அது அவளுக்குள் முள்ளாகவே கிடந்தது.

அந்தப் பெர்ரினுக்கு இப்போது முப்பத்து நாலு. அக்கரையில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. காலைக் கப்பலில் போய் மாலைக் கப்பலில் வந்து, வந்த கையோடு அடுப்பைப் பற்ற வைப்பாள். அவளைக் கேட்டு மூன்று குடும்பங்கள் வந்தன. எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதான்: பெண் காப்பி கொண்டு வர வேண்டும், காப்பி குடித்த பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அல்லாவின் ஆணைப்படி, நபியின் சொற்படி, உங்கள் மகளை எங்கள் மகனுக்குக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை விழாத வரைக்கும் வந்தவர்கள் வெறும் விருந்தாளிகள். விருந்தாளிகளை என்ன செய்வது என்றுதான் ருக்னெத்தினுக்குத் தெரியுமே. முதலில் தோட்டத்தைக் காட்டுவார். பிறகு கிணற்றைக் காட்டுவார். காப்பி அடுப்பில் ஏறுவதற்குள் ஏழு மணி ஆகிவிடும். மூன்று மாப்பிள்ளைகளும் காப்பி குடிக்காமலேயே சரிவில் ஓடினார்கள். மூன்றாவது மாப்பிள்ளை நல்ல ஓட்டக்காரன்.

"பொண்ணை அனுப்ப மனசு வரல, பாசம்" என்று அவர் காப்பிக்கடையில் சொல்வார். பாசம்தான். பொரித்த கத்தரிக்காயின் மேல், இஸ்திரி போட்ட சட்டையின் மேல், சூடான தேநீரின் மேல் இருந்த பாசம்.

நாலாவது வரன் பெர்ரின் தானே பார்த்துக்கொண்டது. பெயர் துன்ஜாய். கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிற பள்ளியில் வாத்தியார். காரே இல்லாத தீவின் பெண் சனிக்கிழமை தோறும் கடை முடிந்து அவனிடம் கார் ஓட்டப் பழகியிருக்கிறாள். இது தெரிய வந்தபோது ருக்னெத்தின் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டார்.

"இந்தத் தீவுல ஓட்டுறதுக்குக் கார் எங்கடி இருக்கு? என்னத்துக்கு இந்த வேலை?"

"போறதுக்குப்பா."

"எங்க?"

"அதை அவங்க வந்து உங்ககிட்டக் கேப்பாங்க. பதினஞ்சு வயசுலேருந்து உங்களுக்கு ஆக்கிப் போடுறேன். இந்தத் தடவையும் ஓட விட்டீங்கன்னா, நான் கேக்காமலே போயிடுவேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

ருக்னெத்தின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நம்பிக்கை இருந்தது. நாள் குறித்தது அவள். செப்டம்பரில் ஒரு ஞாயிறு. கடிகாரம் அவருடையது.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். துன்ஜாய், முன் நெற்றி வழுக்கை, சாது. அவன் அம்மா முனெவ்வெர், மலை மாதிரி ஒரு பெண்மணி, உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டவள். பெரியப்பா ஸித்கி, கேட்க வேண்டிய வார்த்தையைக் கேட்க வந்த பெரியவர். ஸித்கியைப் பார்த்ததும் ருக்னெத்தினுக்கு உயிர் வந்தது. கிழவர் அவ்வளவு மெதுவாகப் பேசினார். பைன் மரத்தின் வாசனையில் தொடங்கி, தன் சிறுநீரகக் கல்லுக்கு வந்து, அந்தக் கல் எப்படி இருந்தது என்று சர்க்கரைக் கட்டியை எடுத்துக் காட்டி, அதைத் தேநீரில் போட்டுக் குடித்தார்.

"தோட்டத்தைப் பாத்தீங்களா?" என்றார் ருக்னெத்தின்.

தோட்டத்தைப் பார்த்தார்கள். கிணற்றைப் பார்த்தார்கள். ஸித்கி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துத் தன் ஊர்க் கிணற்றின் கதையைச் சொன்னார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக நேரம் நழுவிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் ருக்னெத்தின் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடடா, நேரம் போனதே தெரியல. ஏழு மணிக்குக் கடைசிக் கப்பல்."

முனெவ்வெர் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தேநீரில் நனைத்தாள். "பரவாயில்ல ருக்னெத்தின் ஐயா. பத்தரைக்கு ஒண்ணு இருக்காமே."

"யார் சொன்னது?"

"உங்க பொண்ணுதான். அப்பா ஏழுன்னு சொல்லுவாரு, நீங்க எந்திரிக்காதீங்க அத்தைன்னு போன்லயே சொல்லிட்டா. நீங்க தமாஷ்காரராமே."

ருக்னெத்தின் சமையல் கட்டைப் பார்த்தார். பெர்ரின் முதுகைக் காட்டிக்கொண்டு கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். அவருக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால் அன்றைக்கு அவர் சொன்னது சத்தியம். அன்றைக்குத்தான் கப்பல்களின் குளிர்கால நேரம் தொடங்கியிருந்தது. கடைசிக் கப்பல் நிஜமாகவே ஏழு மணிக்கு. மனுஷன் வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை பேசியிருக்கிறார், கேட்க நாதியில்லை. புலி வருது புலி வருது என்று சொன்னவன் வீட்டுக்குப் புலி வந்த கதை.

"இல்லம்மா, இன்னைக்கு நெசமாவே ஏழுதான். நேரம் மாறிடுச்சு. ரொட்டி மேல சத்தியமா சொல்றேன்."

"நல்லா நடிக்கிறீங்க" என்று முனெவ்வெர் அடுத்த பிஸ்கட்டை எடுத்தாள்.

"என் சம்சாரத்து மேல சத்தியம்."

"அல்லா அவங்களுக்கு சொர்க்கம் குடுக்கட்டும்" என்றார் ஸித்கி, கையை உயர்த்தி. "ஏழுக்குப் போனா என்ன, எட்டுக்குப் போனா என்ன சம்பந்தி. வீட்ல எனக்கு யாரு காத்துக்கிட்டு இருக்கா? மாடா கன்னா?"

சம்பந்தி. வார்த்தை விழுவதற்கு முன்னாலேயே கிழவர் உறவு கொண்டாடியது ருக்னெத்தினுக்கு நெஞ்சில் குத்தியது. எழுந்தார். துன்ஜாயின் தோளைத் தொட்டு, "தம்பி, நீயாவது போய்ப் பாரு, சீக்கிரம், ஓடிப் போய்ப் பாரு" என்று கெஞ்சினார். விருந்தாளியை ஓட வைக்க அவர் இத்தனை பாடுபட்டது கிடையாது. துன்ஜாய் எழப் போனான். சமையல் கட்டிலிருந்து பெர்ரின் அவனை ஒரு பார்வை பார்த்தாள். உட்கார்ந்துவிட்டான்.

கீழே கப்பல் ஊதியது. ஒரு தடவை நீளமாக. பிறகு இயந்திரச் சத்தம் கேட்டுத் தேய்ந்து போனது. காப்பிக்கடை வாசலில் நாங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வெறும் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் ஓடி வரவில்லை. "ருக்னெத்தின் ஐயாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று ஷபான் கவலைப்பட்டான்.

எவ்தோகியாவுக்குப் பொறுக்கவில்லை. வேலியைத் தாண்டி வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன, எல்லாரும் இங்கேயே இருக்கீங்க? இன்னைலேருந்து ஏழோட முடிஞ்சுதே. இனிமே நாளைக்குக் காலைலதான் கப்பல்."

முனெவ்வெர் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். ருக்னெத்தின் நாற்காலியில் சாய்ந்து, "சொன்னேனே" என்றார். பிறகு சமையல் கட்டு வாசலில் போய் நின்றார்.

"உனக்குத் தெரியுமா, இன்னைக்கு நேரம் மாறுதுன்னு?"

"தீவுப் பொண்ணுப்பா நான்" என்றாள் பெர்ரின். காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள்.

பெண் கேட்கும்போது மாப்பிள்ளையின் காப்பியில் உப்பை அள்ளிப் போட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். முகம் சுளிக்காமல் குடித்தால் பொறுமைசாலி என்று அர்த்தம். எல்லோரும் துன்ஜாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றான். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. உப்பு முழுக்க ருக்னெத்தினின் கோப்பையில் இருந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் துப்பவா முடியும்? கடைசிச் சொட்டு வரைக்கும் விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. "பெத்தவர் இல்லையா, அழறாரு" என்று முனெவ்வெர் கைக்குட்டையை நீட்டினாள்.

ஸித்கி தொண்டையைச் செருமினார். வார்த்தை விழுந்தது.

"யோசிக்க ஒரு வாரம் வேணும்" என்றார் ருக்னெத்தின்.

"தாராளமா யோசிங்க. எங்களுக்கு எங்க கப்பல் இருக்கு?" என்று ஸித்கி காலை நீட்டிக்கொண்டார்.

மெத்தைகள் எவ்தோகியா வீட்டிலிருந்து வந்தன. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்து கூடத்தில் போட்டாள். "உங்க மெத்தைதான் ருக்னெத்தின். தொட்டுப் பாருங்க, ஒரு சொட்டு ஈரம் கிடையாது. என் வீட்லயும் அதே தீவுக் காத்துதான்."

மறுநாள் விடியும்போதே தெற்குக் காற்று கிளம்பிவிட்டது. லோதோஸ் என்போம். அது அடித்தால் கடல் எழுந்து துறையைக் கழுவும், மனுஷனுக்குத் தலைவலி வரும், கப்பல் வராது. எப்போது நிற்கும் என்று அதற்கே தெரியாது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்களே, இரண்டும் சேர்ந்து ருக்னெத்தினுக்கு வாய்த்தது.

முனெவ்வெர் முதல் நாள் அவர் சமையல் கட்டைப் பிரித்துக் கழுவிப் போட்டாள். இரண்டாம் நாள் மீன்காரனைக் கூப்பிட்டுக் கொழுத்த சூரை மீனாக வாங்கிப் பொரித்தாள். அந்த வாசனைக்குத் தெருவே திரண்டு வந்தது. ருக்னெத்தின் வீட்டில் ஆள் தங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதிசயம் பார்க்க வந்தவர்களும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஷபான் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். குதிரைக்காரர்கள் வந்தார்கள், பாட்டோடு. அமைதிச் சங்கத் தலைவர் ஜன்னலோரமாக நின்றுகொண்டே சாப்பிட்டார். உட்கார இடமில்லை. ஸித்கி யார் வந்தாலும் அவர்களுக்குச் சிறுநீரகக் கல்லைப் புதிதாக விளக்கினார். ராத்திரி அவர் விட்ட குறட்டைக்கு எவ்தோகியாவின் சேவல் விடிந்துவிட்டதென்று நினைத்து ஏமாந்தது.

துன்ஜாய் மட்டும் சத்தம் போடாதவன். ஒழுகுகிற குழாயைச் சரி செய்தான். கதவுக்கு எண்ணெய் விட்டான். பிறகு நாற்காலி போட்டு ஏறி, "மாமா, உங்க கடிகாரம் இருபது நிமிஷம் முந்தி ஓடுது. திருத்தி வெச்சுட்டேன்" என்றான். அன்றைக்கு ருக்னெத்தின் எதுவும் சாப்பிடவில்லை.

ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு ஸித்கி தொண்டையைச் செருமிக்கொண்டு, அல்லாவின் ஆணைப்படி என்று ஆரம்பித்துவிடுவார். "யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்பார் ருக்னெத்தின். மூன்றாம் நாள் காலையில் எவ்தோகியா வேலியில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "ஒத்துக்கிட்டா ஒரு பொண்ணுதான் போகும். ஒத்துக்காட்டி இந்தக் குடும்பமே இங்க குடியேறிடும். கணக்கு உங்களுக்குத் தெரியாதா, பதிவு ஆபீஸ்ல இருந்தவரு."

காலைச் சாப்பாட்டுத் தட்டில் ஆலிவ் கொட்டைகள் குவிந்திருந்தன. ஸித்கி வாயைத் துடைத்துக்கொண்டு செருமினார்.

"குடுத்துட்டேன்" என்றார் ருக்னெத்தின், அவர் ஆரம்பிக்கும் முன்பே. "குடுத்துட்டேன், கூட்டிட்டுப் போங்க. எல்லாரும் போங்க."

"முறையா நான் கேக்க வேணாமா சம்பந்தி?"

"கேட்டாச்சு. நிறையக் கேட்டாச்சு."

முனெவ்வெர் பெர்ரினைக் கட்டிப் பிடித்துக் குலுக்கினாள். பெர்ரின் அழுதாள், நன்றாகவே அழுதாள். அப்பாவின் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். பாத்திரங்கள் கழுவி முடிவதற்குள் காற்று படுத்துவிட்டது. கீழே கப்பல் ஊதியது. இன்னும் ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் ருக்னெத்தின் ஜெயித்திருப்பார். இதை நாங்கள் அவரிடம் அடிக்கடி ஞாபகப்படுத்தினோம்.

கல்யாணம் நவம்பரில் முடிந்தது. பெர்ரின் அக்கரைக்குப் போனாள், நாலாம் மாடி, பெரிய சாலை மேல். எவ்தோகியாவும் வழக்கம்போலக் குளிர்காலத்துக்கு நகரத்திலிருக்கும் மகன் வீட்டுக்குப் போனாள். கோடை வீட்டுக்காரர்கள் ஜன்னலில் பலகை அடித்துவிட்டுப் போனார்கள். தீவில் பூனைகளும் நாங்களும்தான். மழை பெய்தால் மழைச் சத்தம், நின்றால் அதுவும் இல்லை. எந்த அமைதிக்காக மனுவாக எழுதித் தள்ளினாரோ அந்த அமைதி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது.

ருக்னெத்தினால் தாங்க முடியவில்லை. இதை அவர் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். முட்டையைக் கருக்கித் தின்றார். ரேடியோவைச் சத்தமாக வைத்தார். கப்பல் வரும் நேரமெல்லாம் துறையில் வந்து நிற்பார். "காத்து வாங்க வந்தேன்" என்பார், ஜனவரிப் பனியில். இறங்குகிறவர்களில் அவருக்கென்று யாரும் இறங்கவில்லை. யார் இறங்குவார்கள்? ஒரு சொந்தக்காரனை விடாமல் சரிவில் ஓட விட்டவராயிற்றே. போதாக்குறைக்குச் சரிவில் பார்க்க எதுவும் இல்லாமல் போனதால் ஷபான் நாற்காலிகளைக் கடல் பக்கமே போட்டுவிட்டான்.

பெர்ரின் போன் பண்ணுவாள். நன்றாகத்தான் பேசுவாள். வா என்று மட்டும் சொல்லவில்லை. ஜூன் மாதம் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, ருக்னெத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போடாத சட்டையைப் போட்டுக்கொண்டு, தோட்டத்து முள்ளங்கிகளை ஒரு பையில் கட்டிக்கொண்டு, தானே கப்பல் ஏறினார்.

பெர்ரின் காரோடு துறைக்கு வந்திருந்தாள். மேலே பள்ளியின் பலகை வைத்த கார், அவளே ஓட்டினாள். அவர் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வீடு நிறைய ஆட்கள். முனெவ்வெர், ஸித்கி, யார் யாரோ ஒன்றுவிட்ட உறவுகள், குழந்தைகள். கீழே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. "சம்பந்தி!" என்று ஸித்கி நகர்ந்து இடம் கொடுத்தார். அடைத்த குடைமிளகாய், தயிர், கத்தரிக்காய், எல்லாம் பெர்ரின் கை. ருக்னெத்தின் மூன்று தட்டு சாப்பிட்டார். கல்லின் கதையைக் கேட்டார், நடுவில் கேள்விகூடக் கேட்டார். ஒரு குழந்தை அவர் மடியில் ஏறித் தூங்கிவிட்டது. யாருடைய குழந்தை என்று அவருக்குத் தெரியாது, ஆனால் கால் மரத்துப் போகும்வரை அசையாமல் இருந்தார். இப்படியே ராத்திரிவரை இருந்துவிடலாம், இருக்கச் சொன்னால் ஒரு வாரமும் இருக்கலாம் என்று நினைத்தார்.

தேநீர் முடிந்தது. கதவு மணி அடிக்கவில்லை, ஆனால் யாரோ வரப்போகிற வீடு மாதிரி பெர்ரின் மேஜையை மறுபடி துடைத்தாள். நல்ல கோப்பைகளை எடுத்து வைத்தாள். "சித்தி வராங்க. பெய்ஹான் சித்தி. ராத்திரி இங்கதான் தங்குறாங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அடடா, நேரம் போனதே தெரியல" என்றாள். "ஏழு மணிக்குக் கடைசிக் கப்பல் அப்பா."

துன்ஜாய் தலையைக் குனிந்துகொண்டான்.

"தங்கிட்டுப் போங்கன்னு சொல்லத்தான் ஆசை. மெத்தையெல்லாம் ஈரம்."

ருக்னெத்தின் பால்கனியைப் பார்த்தார். கம்பியில் வரிசையாக மெத்தைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. காய்ந்து, உப்பிப்போய்க் கிடந்தன.

ஜூன் மாதம். கோடை நேரம் தொடங்கி ஒரு மாதமாகிவிட்டது. கடைசிக் கப்பல் எத்தனை மணிக்கு என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? மடியிலிருந்த குழந்தையை மெல்லத் தூக்கி முனெவ்வெர் கையில் கொடுத்தார். "ஆமாம்மா, ஏழுதான். கிளம்பணும்" என்றார்.

"கார்ல கொண்டு விடறேன் அப்பா."

"வேணாம். சித்தி வர நேரம்."

மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வந்தார். நேரம் நிறைய இருந்தது. நடந்தே போகலாம், இரண்டு கடையில் உட்கார்ந்து எழுந்தும் போகலாம். நிமிர்ந்து பார்த்தார். மெத்தைகளுக்கு நடுவில் பெர்ரின் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் ருக்னெத்தின் ஓட ஆரம்பித்தார். அறுபத்தெட்டு வயசுக்காரர், தெரு முனை திரும்பும்வரைக்கும் ஓடினார்.

வெளிச்சம் போவதற்கு முன்பே எங்கள் துறையில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் வியர்வை. ஷபான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"என்னங்கய்யா, பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்க?"

"கடைசிக் கப்பலாச்சேடா" என்றார் ருக்னெத்தின். "ஏழுக்கு."

இத்தனை வருஷமாக அந்தக் கப்பலுக்கு ஓடியவர்களைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்த கடை அது. அன்றைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஷபான் தேநீர் கொண்டுவந்து வைத்தான். "ஆமாங்கய்யா, ஏழுதான்" என்றான்.